கோவாவைப் பிழியாமல் மோமோ அவிக்காதீர்கள்

திபெத்திய மோமோத் தட்டு மேசைக்கு வந்ததும் அம்மம்மா என்ன சொல்லுவா என்பது தெரிந்ததுதான்: "இது எங்கட கொழுக்கட்டையெல்லே." பாதி சரி. உள்ளீடு, மடிப்பு, ஆவி மூன்றும் ஒன்றுதான். மா மட்டும் வேறு. பிழைக்கிறதெல்லாம் அந்த இடத்தில்தான். அரிசி மாவில் இழுவை கிடையாது. கொதிநீர் விட்டுக் குழைத்தால்தான் அது வெந்து ஒட்டிப் பிடிக்கும். மோமோவுக்குப் பச்சைக் கோதுமை மா. குளிர்ந்த தண்ணீரில் அடித்துக் குழைத்து, கொஞ்ச நேரம் மூடி வைத்தால் ரப்பர் மாதிரி இழுபடும். கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கை தன்பாட்டில் கேத்தலைத் தேடும். கேத்தலை அங்கேயே வையுங்கள்.

இந்தப் பதிவு இரண்டு தேவைக்கு. வெளியூரில் திபெத்தியக் கடையில் மரக்கறி மட்டும் சாப்பிடும் குடும்பத்தோடு போய் இருந்தால் எதை எடுப்பது, எதைக் கேட்டுவிட்டு எடுப்பது என்பது ஒன்று. அதே சாப்பாட்டைத் திருமலையில் (திருகோணமலையில்), வீட்டு அடுப்பில், வெள்ளிக்கிழமை ஒன்றில் செய்வது மற்றது. இரண்டிலும் தொல்லை தருவது தண்ணீர்தான். கடையில் அது சூப் தண்ணீர். வீட்டில் கோவாத் தண்ணீர்.

கடையில்

இந்தியாவில் திபெத்தியச் சாப்பாடு இவ்வளவு பரவியது 1959க்குப் பிறகு. அந்த ஆண்டு மார்ச்சில் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். பின்னால் வந்த அகதிகள் குடியேறிய இடமெல்லாம் மோமோவும் குடியேறியது: தரம்சாலா, டெல்லியின் மஜ்னு கா டில்லா, மைசூருக்கு அங்கால பைலகுப்பே. எங்கள் ஊர் ஆட்கள் போகக்கூடிய இடங்கள் என்று பார்த்தால் இரண்டு. மைசூர், குடகு சுற்றும்போது பைலகுப்பே. முக்திநாத் யாத்திரையில் காத்மண்டு. பசுபதிநாதரைக் கும்பிட்டு வெளியே வந்தால் பௌத்தநாத் தூபி கிட்டத்தான். அந்தத் தூபியைச் சுற்றி வரிசையாகத் திபெத்தியக் கடைகள்.

காத்மண்டுவில் ஒன்றைக் கவனியுங்கள். நேபாள மோமோவும் திபெத்திய மோமோவும் ஒரே சாப்பாடு அல்ல. நேபாளத்தில் உள்ளீட்டுக்கு மசாலாத் தூள் போடுவார்கள். பக்கத்தில் தக்காளி, எள்ளு அரைத்த அச்சார் வரும். எங்கள் நாக்குக்கு உடனே பிடிப்பது அதுதான். திபெத்திய மோமோ அடக்கமானது: இஞ்சி, உள்ளி, வெங்காயம், உப்பு, அவ்வளவுதான். உறைப்பெல்லாம் பக்கத்தில் தனியாக வைக்கும் 'செபென்' என்ற மிளகாய்ச் சட்னியில் இருக்கும். "சப்பென்று இருக்கு" என்று சொல்லுமுன் செபெனைத் தொட்டுப் பாருங்கள்.

விலைப்பட்டியலில் 'ஷா' என்ற ஓசையைக் கண்டால் நில்லுங்கள். திபெத்திய மொழியில் ஷா என்றால் இறைச்சி. 'ஷா மோமோ' இறைச்சி மோமோ, 'ஷாபாலே' இறைச்சி வைத்துப் பொரித்த றொட்டி. 'செல்' என்பது மரக்கறி, 'ஷோகோ' உருளைக்கிழங்கு, 'சுரா' பாற்கட்டி. இதில் ஒரு வில்லங்கம் உண்டு: 'ஷாமோ' என்றால் காளான். ஷாவில் தொடங்கினாலும் மரக்கறிதான். சந்தேகம் வந்தால் கேட்பதில் வெட்கம் வேண்டாம். பட்டியலில் மீன் பெரும்பாலும் இருக்காது. பெரிய விலங்கு ஒன்று பல வயிற்றை நிரப்பும், சின்ன மீன் என்றால் உயிர்க்கணக்குக் கூடிவிடும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். கீரிமீன் ஊர்க்காரருக்கு இந்தக் கணக்குக் கொஞ்சம் உறைக்கும்.

மரக்கறி என்று எழுதியிருந்தாலும் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. முதலாவது சூப். 'துக்பா' என்பது நூடுல்ஸ் சூப். பல சமையலறைகளில் எலும்பு போட்டுக் கொதிக்கவைத்த ஒரே பானைத் தண்ணீர்தான் எல்லாத் துக்பாவுக்கும் அடி. மரக்கறித் துக்பா கேட்டால் இறைச்சித் துண்டுக்குப் பதிலாகக் கரட்டும் கோவாவும் விழும். தண்ணீர் அதே தண்ணீர். ஆகவே "மரக்கறித் துக்பா இருக்கா" என்று கேட்காதீர்கள், அதற்கு எப்போதும் "இருக்கு" என்றுதான் பதில் வரும். "சூப் தண்ணி எலும்பு போட்டதா" என்று கேளுங்கள். நூடுல்சில் முட்டை உண்டா என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்டுவிடலாம்.

இரண்டாவது ஸ்டீமர். மோமோ அவிக்கும் அலுமினியப் பாத்திரம் மூன்று நான்கு அடுக்கு. எல்லா அடுக்கின் அடியிலும் ஓட்டை. மேலடுக்கில் இறைச்சி மோமோ இருந்தால் அதன் கொழுப்பும் சாறும் ஓட்டை வழியே கீழடுக்கில் சொட்டும். மரக்கறி மோமோ கீழே இருந்தால் அது மரக்கறி மோமோ அல்ல. மரக்கறியை மேலடுக்கில் வைக்கச் சொல்லலாம். கடும் சைவக்காரர் என்றால் அதுவும் போதாது, முழுக்க மரக்கறிக் கடையாகப் பார்த்துப் போவதுதான் நிம்மதி. மூன்றாவது பொரித்த மோமோ. ஷாபாலே பொரித்த எண்ணெயில்தான் அதுவும் பொரியும். பொரித்ததை விட்டுவிடுங்கள், குடும்பத்தில் யாருக்கும் நட்டமில்லை. சில கடைகளில் இறைச்சிக்கு வட்ட மோமோ, மரக்கறிக்கு அரைப்பிறை மோமோ என்று வடிவத்தால் பிரித்திருப்பார்கள். எல்லாக் கடையிலும் அப்படியில்லை, வடிவத்தை நம்பவேண்டாம்.

ஆறு பேருக்கு முதல் தடவை என்றால் இப்படி எடுத்துப் பாருங்கள்: அவித்த மரக்கறி மோமோ இரண்டு தட்டு, திங்மோ நான்கு, அதற்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குப் பிரட்டல் ஒன்று, மாவைப் பிய்த்துப் போட்ட தென்துக் சூப் இரண்டு கோப்பை. குளிராகச் சாப்பிடும் பயற்று நாடாவான லாப்பிங் ஒரு தட்டு, அதுவும் விருப்பமென்றால். முதலில் சூப் வரட்டும். வயதானவர்கள் சூடாக ஒன்று குடித்துவிட்டால் பிறகு வருவதைப் பொறுமையாகப் பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் திங்மோ. அது ஆவியில் அவித்த பாண். வெள்ளை, மெத்தென்று, உறைப்பில்லை, பிய்த்துத் தின்னலாம். மோமோவைப் பிள்ளை கையில் உடனே கொடுக்கவேண்டாம். வெளித்தோல் ஆறினாலும் உள்ளே இருக்கும் சாறு கொதித்தபடிதான் இருக்கும். ஓரத்தில் சின்னதாக ஒரு கடி கடித்து ஆவியை வெளியே விட்டபின் மிச்சம். கையால் சாப்பிடலாம், அங்கேயும் அதுதான் வழக்கம்.

பட்டர் தேத்தண்ணி ஆளுக்கொன்று எடுத்துக் காசைக் கரியாக்காதீர்கள். மேசைக்கு ஒன்று போதும். கட்டித் தேயிலையை நன்றாகக் கொதிக்கவைத்து, பட்டரும் உப்பும் போட்டு மரக்குழாயில் கடைந்து எடுப்பது அது. சீனி கிடையாது. தேத்தண்ணி என்று நினைத்து வாயில் வைத்தால் துப்பத்தான் வரும். உப்புச் சூப் என்று நினைத்துக் குடித்தால் இறங்கும். வீட்டு விருந்தாக யாராவது தந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும்: நீங்கள் ஒரு மிடறு குடிக்கக் குடிக்க அவர்கள் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கோப்பையை நிறைந்தபடி விட்டுவிட்டு, எழும்பும்போது குடித்து முடிக்கலாம்.

மா

வீட்டுக்கு வருவோம். மாவுக்கு அலையவேண்டாம், சீனக்குடாப் பிரிமா ஆலையில் அரைபடும் சாதாரண வெள்ளைக் கோதுமை மா போதும். ஆனால் எங்கள் வீடுகளில் கோதுமை மா இரண்டு டின்னில் இருக்கும்: பச்சை மா ஒன்று, புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்து அரித்து வைத்த மா மற்றது. அவித்த மாவை எடுத்தீர்களென்றால் எவ்வளவு குழைத்தாலும் இழுபடாது. அவிக்கும்போதே மாவின் இழுவைச் சத்து வெந்து செத்துப்போகிறது. உருட்டினால் வெடிக்கும், மடித்தால் பிளக்கும். எதற்கு வந்தது இந்தப் பிழை என்று தெரியாமல் தண்ணீரை மேலும் மேலும் விட்டுக் களியாக்குவார்கள். கேக்குக்கு வாங்கும் தானாகப் பொங்கும் மாவும் உதவாது. தோல் ஊதிக் கடற்பஞ்சு மாதிரி வரும்.

நாற்பது மோமோவுக்கு 500 கிராம் பச்சை மா, அரைத் தேக்கரண்டி உப்பு, 250 மில்லி தண்ணீர். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் 230 மில்லியில் தொடங்கி, மிச்சத்தைக் கையால் தெளித்துச் சேருங்கள். மார்கழி மாரியில் திறந்து கிடந்த மா ஏற்கெனவே காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும், 230 மில்லியே போதுமாகிவிடும். பத்து நிமிடம் உள்ளங்கையின் அடியால் தள்ளித் தள்ளிக் குழையுங்கள். றொட்டிக்குக் குழைப்பதைவிட இறுக்கமாக இருக்கவேண்டும், விரலால் அமுக்கினால் குழி மெல்ல மேலே வரவேண்டும். ஈரத்துணியால் மூடி அரை மணித்தியாலம் விடுங்கள். அவசரப்பட்டு உடனே உருட்டினால் தட்டத் தட்டச் சுருங்கிப் பழைய இடத்துக்கே போய் நிற்கும். அப்படிச் சுருங்கினால் மா கெட்டுப்போகவில்லை, இன்னும் பத்து நிமிடம் விட்டால் சரி.

உள்ளீடு

இறைச்சி மோமோ சாறாக இருப்பது இறைச்சிக் கொழுப்பால். மரக்கறியில் கொழுப்பில்லை, தண்ணீர் மட்டும் ஏராளம். அந்தத் தண்ணீரை வெளியே எடுத்து, கொழுப்பை நாங்கள் உள்ளே வைக்கவேண்டும். மரக்கறி மோமோவின் வித்தை இவ்வளவுதான், மற்றதெல்லாம் அலங்காரம்.

சந்தையில் நல்ல இறுக்கமான நுவரெலியாக் கோவா அரைக் கிலோ வாங்குங்கள். சுண்டலுக்கு அரிவதைவிடச் சிறிதாக, கிட்டத்தட்டக் குறுணி அளவுக்கு அரியவேண்டும். நீட்டு நீட்டாக விட்டால் அந்த முனைகள் மாத்தோலைக் குத்திக் கிழிக்கும். இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசைந்து இருபது நிமிடம் வையுங்கள். பிறகு தேங்காய்ப்பால் பிழிகிற துணியில் போட்டு முறுக்குங்கள். முதல் முறுக்கில் தண்ணீர் ஊற்றாக வரும், இரண்டாவதில் சொட்டும். மூன்றாவதில் எதுவும் வராது என்றுதான் தோன்றும்; கையை மாற்றி முறுக்கினால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி வரும். அரைக் கோப்பைக்குக் குறையாமல் தண்ணீர் சேரும். அதைக் கொட்டவேண்டாம், தென்துக் சூப்புக்கு ஆகும். உப்புத் தண்ணீர் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பிழியாமல் விட்டால் என்ன நடக்கும் என்றால், மடித்து வைத்த பத்தாவது நிமிடத்தில் மோமோவின் அடி ஈரமாகித் தட்டில் ஒட்டும். ஆவியில் உள்ளே தண்ணீர் கொதித்துத் தோலை உப்பவைக்கும். எடுக்கும்போது அடித்தோல் தட்டோடு நின்றுவிட, கையில் வருவது தொப்பி மட்டும்.

பிழிந்த கோவாவோடு துருவிய கரட் 100 கிராம், பொடியாக அரிந்த லீக்ஸ் 100 கிராம். இரண்டையும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்கி முழுதாக ஆறவிட்டுச் சேருங்கள். சூடாகக் கலந்தால் அந்த ஆவியே திரும்பத் தண்ணீராகும். டோஃபு கிடைத்தால் 150 கிராம், துணியில் கட்டிப் பாரம் வைத்து நீரை இறக்கி உதிர்த்துப் போடலாம். இல்லாவிட்டால் சோயா மீட் 50 கிராமைச் சுடுநீரில் ஊறவைத்து, பிழிந்து, கொத்தி எடுக்கலாம். பக்கெற்றுக்குள் கோழிச் சுவை, கணவாய்ச் சுவை என்று வருகிற தூளை வீசிவிடுங்கள். சைவத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அதைப் போட்டால் நாற்பது மோமோவுக்கும் அந்த ஒரே வாசம்தான். காளான் போடுவதென்றால் எண்ணெயில்லாத தாச்சியில் தண்ணீர் வற்றும்வரை வறுத்தபின் போடவேண்டும். தக்காளி உள்ளீட்டுக்குள் வரவே கூடாது.

துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, நசுக்கிய உள்ளி நான்கு பல்லு, மிளகுதூள் ஒரு தேக்கரண்டி, சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, ஒரு பிடி கொத்தமல்லி இலை. கோவாவில் உப்பு இருக்கிறது, சோசிலும் இருக்கிறது. வாயில் வைத்துப் பாராமல் மேலே உப்புப் போடாதீர்கள். கடைசியாகக் குளிர்ந்த பட்டர் 40 கிராமைக் கடலை அளவுத் துண்டுகளாக வெட்டிக் கலவுங்கள். ஆவியில் அது உருகித்தான் அந்தச் சாறு வரும். பட்டர் வேண்டாதவர்கள் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விடலாம். பட்டர் போட்டபின் உள்ளீட்டைக் ஃபிரிட்ஜில் பதினைந்து நிமிடம் வைத்தால் இறுகி, மடிக்கச் சுகமாக இருக்கும். எங்கள் வெயிலில் வெளியே வைத்தால் மடித்து முடியுமுன்னே பட்டர் உருகி, ஓரத்தில் எண்ணெய் பட்டு, மா ஒட்டாமல் போகும்.

இவ்வளவு பிழிகிற வேலை வேண்டாம் என்கிறவர்கள் உருளைக்கிழங்கு மோமோவில் தொடங்குங்கள். அவித்து மசித்த கிழங்கு, வதக்கிய வெங்காயம், துருவிய சீஸ், மிளகு. தண்ணீர்த் தொல்லையே இல்லை, பிள்ளைகளும் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவார்கள். கோவா மோமோவுக்கு அது ஈடில்லை என்பது எங்கள் கட்சி.

உருட்டலும் மடிப்பும்

மாவைக் கயிறாகத் திரித்து, 18 கிராம் அளவுக்கு, பெரிய நெல்லிக்காய்ப் பருமனில் துண்டு போடுங்கள். பலர் செய்கிற குறுக்குவழி, மாவைப் பெரிய தட்டாக உருட்டித் தேத்தண்ணிக் கோப்பையின் வாயால் வட்டம் வெட்டுவது. அப்படி வெட்டினால் நடுவும் ஓரமும் ஒரே தடிப்பு. ஓரத்தைக் கூட்டி மடிக்கும்போது உச்சியில் ஏழெட்டுப் படை மா சேர்ந்து முடிச்சாகும். அடி வெந்தாலும் முடிச்சு வேகாது. கடித்தால் பச்சை மா பல்லில் ஒட்டும். தனித்தனி உருண்டையாக எடுத்து, குழவியை ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி அரைவாசி தூரம் மட்டும் ஓட்டி, மாவை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் ஓட்டுங்கள். நடுவில் ஒரு சின்ன வயிறு நிற்கவேண்டும், ஓரம் மறுபக்கம் தெரிகிற மெல்லிசாக இருக்கவேண்டும். எட்டுச் சென்ரிமீற்றர் அகலம் போதும்.

உருட்டியதை இடது உள்ளங்கையில் வைத்து, ஒரு மேசைக்கரண்டி உள்ளீட்டை நடுவில் வையுங்கள். வலது பெருவிரலும் ஆட்காட்டி விரலும் ஓரத்தில் ஒரு மடிப்பு எடுக்கும். அதன்பிறகு பெருவிரல் அசையக்கூடாது. ஆட்காட்டி விரல் மட்டும் அடுத்த கொஞ்சத்தை இழுத்து வந்து பெருவிரலில் சேர்க்கும். இடது பெருவிரல் உள்ளீட்டை உள்ளே அமுக்கிக்கொண்டே இருக்கும். கை மெல்லச் சுழன்று வரும். சுற்று முடியும்போது நடுவில் ஒரு சின்ன வாய் நிற்கும், அதைக் கிள்ளி முறுக்கி மூடுங்கள். பதினெட்டு மடிப்பு, இருபது மடிப்பு என்று கணக்குப் பார்க்கவேண்டாம். பத்து மடிப்பு ஒழுங்காக மூடினால் போதும். மோதகத்துக்கு மடிப்பு வைக்கத் தெரிந்தவருக்கு நாலாவது மோமோவிலேயே கை வந்துவிடும். வராதவர்கள் அரைப்பிறையாக மடித்துக் கொழுக்கட்டை மாதிரி ஓரத்தை அமுக்கலாம், ருசியில் ஒரு குறையும் வராது. ஓரத்தில் உள்ளீடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்ட இடம் ஒட்டாது.

மடித்ததை மா தூவிய தட்டில் ஈரத்துணிக்கு அடியில் வையுங்கள். முழுதையும் மடித்து முடித்துத்தான் அவிப்பேன் என்று இருக்காதீர்கள். இருபது சேர்ந்ததும் முதல் ஈட்டை ஏற்றிவிடுங்கள்.

அவிப்பது

இடியப்பம் அவிக்கும் ஸ்டீமரே போதும். தட்டுக்கு எண்ணெய் பூசுங்கள், அல்லது கோவாவின் வெளி இலையைப் பரப்பி அதன்மேல் அடுக்குங்கள். ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி. தொட்டுக்கொண்டு இருந்தால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது கிழியும். கீழே தண்ணீர் கொதித்து ஆவி குபுகுபுவென்று வந்தபிறகுதான் தட்டு ஏறவேண்டும். குளிர் தண்ணீரில் வைத்து அடுப்பை மூட்டினால் சூடு ஏறுமுன்னே தோல் ஈரம் குடித்துப் பிசினாகும். மூடியின் உட்புறத்தைத் துணியால் கட்டிவிடுங்கள். மூடியில் சேர்கிற நீர் சொட்டினால் விழுந்த இடம் வெள்ளையாகக் களித்துப்போகும். துணியின் நுனி அடுப்புப் பக்கம் தொங்காமல் மேலே முடிச்சுப் போடுங்கள்.

பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். தோல் வெள்ளை மாறி மினுங்கும், ஈரக்கையால் தொட்டால் விரலில் ஒட்டாது. திபெத்தியச் செய்முறை சிலவற்றில் இருபது நிமிடம் என்று இருப்பதைப் பார்த்து மிரளவேண்டாம். லாசா கிட்டத்தட்ட 3,650 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 88 பாகையிலேயே கொதித்துவிடும், ஆவியும் அவ்வளவு சூடுதான். கடல்மட்டத்தில் இருக்கிற திருமலையில் 100 பாகை. முக்திநாத்தும் 3,700 மீற்றருக்கு மேல். அங்கே சோறும் பருப்பும் இழுத்தடிப்பதற்கும் இதுதான் காரணம். மெல்லிய மாவும் வறுத்த தானியமும் அந்த மலைச் சமையலில் ஏன் இவ்வளவு இடம் பிடித்தன என்பதும் இதில் பாதி விளங்கும்.

மிஞ்சியதை அவிக்காமல் ஃபிரிட்ஜில் வைக்கவேண்டாம், நீர் விட்டுத் தட்டில் ஒட்டும். ஃபிரீசரில் தட்டோடு இரண்டு மணித்தியாலம் தனித்தனியாக உறையவைத்து, பிறகு பையில் போடுங்கள். அவிக்கும்போது உறைந்தபடியே ஏற்றி மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டால் சரி.

செபெனுக்குச் செத்தல் மிளகாய் பதினைந்தைச் சுடுநீரில் இருபது நிமிடம் ஊறப்போட்டு, உள்ளி நான்கு பல்லு, தக்காளி இரண்டு, பாதி வெங்காயம், ஒரு பிடி சலரி இலை, உப்போடு கொரகொரவென்று அரைத்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பச்சை வாசம் போக வதக்குங்கள். பிரைட் ரைசுக்கு வாங்குகிற அதே சலரிதான். அதை விட்டால் இது சாதாரணத் தக்காளிச் சட்னி.

தென்துக்

'தென்' என்றால் இழுப்பது, 'துக்' நூடுல்ஸ் சூப். மாவை இழுத்துப் பிய்த்துச் சூப்புக்குள் எறிவதால் இந்தப் பெயர். நூடுல்ஸ் இயந்திரம் தேவையில்லை என்பதால் வீட்டுக்கு இதுதான் தோது. நாலு பேருக்கு 250 கிராம் மா, 120 மில்லி தண்ணீர், உப்பு. குழைத்து நான்கு கயிறாக உருட்டி, எண்ணெய் பூசி, மூடி இருபது நிமிடம் வையுங்கள்.

எலும்பில்லாத சூப்புக்குத் திடம் வரவேண்டும். வெங்காயம் ஒன்றைப் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகும்வரை வதக்கி, இஞ்சி, உள்ளி, தக்காளி ஒன்று போட்டுக் கரையவிடுங்கள். முள்ளங்கி ஒன்றை மெல்லிய வில்லையாக வெட்டிப் போட்டு ஒன்றரை லீற்றர் தண்ணீர் விடுங்கள். எடுத்துவைத்த கோவாத் தண்ணீரும் இதில்தான். ஒரு மேசைக்கரண்டி மைசூர்ப்பருப்பைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் அது கரைந்து சூப்பைத் தடிப்பாக்கும். இந்தப் பருப்பு திபெத்திய வழக்கமல்ல, எங்கள் கைச்சேர்க்கை. சூப் கட்டி போடுகிறவர்கள் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள், பலவற்றில் கோழி இருக்கும். ஒயிஸ்டர் சோசும் சிப்பியில் செய்வதுதான், மரக்கறி அல்ல.

இருபத்தைந்து நிமிடம் கொதித்ததும் மாக்கயிற்றை விரலால் தட்டையாக்கி, நாடா மாதிரி இழுத்து, பெருவிரல் நகத்தின் இரண்டு மடங்கு நீளத்துக்குப் பிய்த்துப் பிய்த்துப் போடுங்கள். இரண்டு பேர் நின்று பிய்த்தால் நல்லது. ஒருவர் மட்டும் என்றால் கடைசித் துண்டு விழும்போது முதல் துண்டு கூழாகியிருக்கும். எல்லாம் மிதந்தபின் மூன்று நிமிடம். இறக்குமுன் ஒரு பிடி பசளிக்கீரை, சோயா சோஸ். உடனே பரிமாறுங்கள், கால் மணித்தியாலம் வைத்தால் மா சூப்பைக் குடித்துக் களியாகிவிடும். பிறகு சுடுநீர் விட்டு இளக்கலாம், ஆனால் அந்தத் தென்துக் வராது.

பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதற்கு ஒரு உறவுக்காரச் சூப்பும் இருக்கிறது: 'குதுக்'. திபெத்தியப் புத்தாண்டான லோசாருக்கு முன், ஆண்டின் கடைசி மாதம் 29ஆம் நாள் இரவு குடிப்பது. ஒவ்வொருவர் கோப்பையிலும் ஒரு பெரிய மா உருண்டை. அதற்குள் ஏதாவது ஒளித்திருக்கும். மிளகாய் வந்தால் வாயாடி, கம்பளி நூல் வந்தால் இளகிய மனம், கரி வந்தால் கறுத்த மனம். தென்துக் செய்யும் நாளில் ஐந்தாறு உருண்டை கூடப் பிடித்துப் போட்டால் பிள்ளைகள் சூப்பை மிச்சம் வைக்கமாட்டார்கள்.

மற்றவை

லாப்பிங் என்பது பயற்றில் இருந்து பிரித்த மாப்பொருளைக் காய்ச்சி உறையவைத்து, நாடாவாக வெட்டி, மிளகாய் எண்ணெய், உள்ளித் தண்ணீர், வினாகிரி, சோயா சோஸ் விட்டுக் குளிராகச் சாப்பிடுவது. எங்கள் வெயிலுக்கு இதைவிடத் தோதான திபெத்தியச் சாப்பாடு இல்லை. ஆனால் பயற்றம் பணியாரத்துக்கு வறுத்து அரைத்த பயற்றம் மாவைக் கரைத்துக் காய்ச்சினால் உறையாது, கிடைப்பது கஞ்சி. கோதற்ற பயற்றை ஊறவைத்து அரைத்து, துணியில் வடித்து, பாத்திரத்தை அசைக்காமல் இரவு முழுக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு அந்தப் படிவை எடுத்துக் காயவிடவேண்டும். ஒரு கோப்பைப் படிவுக்கு ஐந்து கோப்பைத் தண்ணீர். கண்ணாடி மாதிரித் தெளியும்வரை கிண்டி, எண்ணெய் பூசிய தட்டில் ஊற்றி நாலைந்து மணித்தியாலம் ஆறவிடுங்கள். வேலை பெரிது. முதல் தடவை கடையில் சாப்பிட்டுப் பிடித்தால் மட்டும் இறங்குங்கள்.

சம்பா என்றதும் சிவப்பு அரிசி நினைவுக்கு வரும். திபெத்தில் 'சம்பா' வறுத்த பார்லி மா. அதில் பட்டர் தேத்தண்ணி விட்டு, கோப்பைக்குள்ளேயே விரலால் பிசைந்து உருண்டை பிடித்து அப்படியே சாப்பிடுவார்கள். சத்துமா உருண்டை தின்று வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்லித் தண்ணிக்கு வாங்கும் பார்லியையே தாச்சியில் பொன்னிறமாக வறுத்து மில்லில் அரைக்கலாம். மிளகாய் அரைத்த கையோடு அரைக்கவேண்டாம் என்று மட்டும் மில்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

திங்மோவுக்கு 500 கிராம் மா, ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் 280 மில்லி. குளிர்நாட்டுச் செய்முறையில் ஒன்றரை மணித்தியாலம் பொங்கவிடச் சொல்லியிருப்பார்கள். இங்கே சித்திரை, வைகாசியில் நாற்பது நிமிடத்திலேயே இரண்டு மடங்காகிவிடும். மேலும் விட்டால் புளிக்கும். தட்டையாக உருட்டி, எண்ணெய் பூசி, வெங்காயத்தாள் தூவி, பாய் மாதிரிச் சுருட்டி நான்கு விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் நடுவில் அமுக்கி ஒரு முறுக்கு முறுக்கி, பதினைந்து நிமிடம் வைத்து, பதினைந்து நிமிடம் அவியுங்கள். அடுப்பை அணைத்ததும் மூடியைத் திறந்துவிடாதீர்கள். குளிர்காற்றுப் பட்டால் பொங்கி நின்றது அப்படியே சுருங்கி அமர்ந்துவிடும். மூன்று நிமிடம் கழித்து மூடியை ஒரு பக்கமாகச் சரித்துத் திறவுங்கள்.

இதற்கு அவர்கள் தொட்டுக்கொள்வது உறைப்பான உருளைக்கிழங்குப் பிரட்டல். திபெத்தியர் பொறுத்துக்கொள்ளட்டும், தேசிக்காய்ப்புளி விட்ட பாற்சொதியில் ஊறின திங்மோவுக்கு அது கிட்டவும் வராது. மிஞ்சினால் அடுத்தநாள் காலை இரண்டாகப் பிளந்து, தோசைக்கல்லில் பட்டர் பூசி வாட்டி, இடித்த சம்பலோடு சாப்பிடுங்கள்.